மோதிர விரலைக் கேட்டுப் பாருங்கள்

இரவு இரண்டு மணி. ஹட்டன் பக்கத்து லயன் அறையொன்றில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் எழுந்து உட்கார்ந்து வலக்கையை உதறுகிறார். விரல்களில் ஊசி குத்துகிறது. உதறினால் சற்று அடங்குகிறது. பல வருடம் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிச் சுமந்தவர். ஆகவே எல்லோரும் கழுத்தையே சந்தேகிக்கிறார்கள். எக்ஸ்ரேயிலும் கழுத்தெலும்புத் தேய்மானம் தெரிகிறது. ஆனால் நடுவயது தாண்டிய, வலியே இல்லாத பலருக்கும் அந்தத் தேய்மானம் இருக்கும். அதை மட்டும் நம்பி வைத்தியம் தொடங்குவது பெரிய தவறு.

பீலியில் தண்ணீர் குறைந்தால், குழாய் எங்கே நசுங்கியிருக்கிறதென்று மேலே ஊற்றுவரை பார்த்துக்கொண்டு போவோம். நரம்பும் அப்படித்தான். விரலில் தெரியும் வலிக்குக் காரணம் மணிக்கட்டிலும் இருக்கலாம், முழங்கையிலும் இருக்கலாம், கழுத்திலும் இருக்கலாம்.

மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. 9 தசைநாண்களோடு நடுநரம்பும் அதற்குள் நெருக்கியடித்துப் போகிறது. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உணர்ச்சி இந்த நரம்புடையது. மோதிர விரலின் மறுபாதியும் சின்னவிரலும் வேறு நரம்புக்கு உரியவை. மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பக்கம் மரத்து, சின்னவிரலை ஒட்டிய பக்கம் நன்றாக இருந்தால் சந்தேகம் மணிக்கட்டின் மேல் விழ வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதிக்குப் போகும் கிளை சுரங்கத்துக்கு முன்பே பிரிந்துவிடுவதால் அந்த இடம் மரப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த துப்பு இது.

கழுத்தில் நரம்பு வேர் நசுங்கினாலும் பெருவிரல் மரக்கும். ஆனால் அப்போது கழுத்தைத் திருப்பும்போது வலி தோளிலிருந்து கைக்கு இறங்கும். கையை உதறுவதால் பெரிதாகப் பயன் இராது. சீனி வியாதியால் வரும் நரம்புக் கோளாறு பெரும்பாலும் கையில் தொடங்காது. இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி தொடங்கி மேலே ஏறும். சீனி வியாதிக்கான மெட்போர்மின் மாத்திரையை நெடுநாள் எடுப்பவர்களுக்கு விட்டமின் பி12 குறைந்தும் நரம்பு கெடலாம்.

சந்தேகம் தீராவிட்டால் நரம்பு மின்கடத்தல் பரிசோதனை உண்டு. மின்துடிப்பு மணிக்கட்டைக் கடக்கும்போது மட்டும் தாமதித்தால் அடைப்பு அங்கேதான். தொடக்க நிலையில், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டியே பலருக்குப் போதும். கோளாறு கழுத்தில் இருந்தால் மணிக்கட்டைக் கீறிச் சத்திரசிகிச்சை செய்தாலும் வலி போகாது. சிலருக்கு இரண்டு இடத்திலும் நசுங்கியிருக்கும். அவர்களைத்தான் மிகப் பொறுமையாகப் பரிசோதிக்க வேண்டும்.

வைத்தியரிடம் போகுமுன் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் கையை விரித்து வைத்துச் சுற்றி வரையுங்கள். மரக்கும் இடத்தைப் பேனாவால் நிரப்பி, பக்கத்தில் அது எத்தனை மணிக்கு வருகிறதென்று எழுதுங்கள்.