ஓடி முடித்ததும் உடுப்பை மாற்றுங்கள்

போன ஜூனில், இடவப்பாதி மழையில், குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அம்மாவோடு என்னிடம் வந்தார். காவலர் தேர்வுக்குப் பயிற்சி எடுப்பவர். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும் என்று விடியற்காலையில் ரப்பர் தோட்டத்துச் சாலையில் ஓடுகிறார். இரண்டு தொடையிடுக்கிலும் வட்டம் வட்டமாகப் படர்தாமரை. ஓரம் சிவந்து தடித்திருந்தது. நடுவில் தோல் மெலிந்து, வரி வரியாக வெடித்திருந்தது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பை மூன்று மாதமாகப் பூசியிருக்கிறார். குழாயை வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பை அப்போதைக்கு அடக்கும்; படர்தாமரையை உண்டாக்கும் பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே இருக்கும்.

"ஓடுற நிக்கரைத் தினமும் துவைக்கிறீங்களா தம்பி?"

அம்மாதான் பதில் சொன்னார். "துவைச்சாலும் எங்க டாக்டர் காயுது? புகைப்புரையில ரப்பர் ஷீட்டுக்குப் பக்கத்துல போட்டு எடுக்கேன். பாதி ஈரத்தோட மாட்டிட்டு ஓடிருவான்."

அந்தப் பாதி ஈரத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

ஓடுகிறவர்களுக்கான உடுப்பு பற்றி இணையத்தில் படிப்பதெல்லாம் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு, காற்றுத் தடுப்பு ஜாக்கெட், கையுறை. குமரி மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, எப்போதும் கடல் தரும் ஈரக்காற்று. வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும்போது அது ஆவியாகாமல் சொட்டுகிறது. உடம்பும் குளிராது, தோலும் ஊறிப்போகும். அதனால் இங்கே கடையில் துணியைக் கையில் எடுக்கும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது எவ்வளவு சீக்கிரம் காயும்?

பருத்திதான் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் சொல்வார்கள். வீட்டில் உடுக்க நல்லதுதான், அரைமணி நேர நடைக்கும் பரவாயில்லை. ஓட்டத்துக்கு வேண்டாம். பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்திலேயே தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்; பாலியஸ்டர் அரை சதவீதம்கூட எடுக்காது. வியர்வையில் நனைந்த பனியன் கனத்து, முலைக்காம்பிலும் அக்குளிலும் உரசி உரசி ரத்தம் கசிய வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மெல்லிய, சிறு துளைகள் உள்ள பாலியஸ்டர் ஜெர்சி போதும். பெரிய கம்பெனி முத்திரை தேவையில்லை. துவைக்கும்போது துணி மணக்கவும் மெதுவாக இருக்கவும் கடைசி அலசலில் ஊற்றுவார்களே, அந்தத் திரவத்தை மட்டும் இதற்கு ஊற்றாதீர்கள். இழையின்மேல் படிந்து, வியர்வையை வெளியேற்றும் குணத்தைக் கெடுத்துவிடும்.

தொடை உரசுகிறவர்கள் தளர்ந்த ஷார்ட்ஸுக்குள் தொடையை ஒட்டிய லைக்ரா ஷார்ட்ஸ் போடலாம். உரசும் இடத்தில் ஓடுவதற்கு முன்பே கொஞ்சம் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். படர்தாமரை ஏற்கெனவே இருந்தால் வாஸ்லினும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். மறைந்துவிட்டது போலத் தெரிந்தாலும் அவர் சொன்ன நாள்வரை மருந்தை விடக் கூடாது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் காலையில் நடக்கவும் ஓடவும் வருகிற பெண்கள் இப்போது நிறைய. மார்பகத்தின் அடிமடிப்பில் புண்ணோடு வருபவர்களிடம் கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படி. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத்தான் குளியல். அதுவரை இரண்டு மணி நேரம் அந்த ஈரமான ஸ்போர்ட்ஸ் பிராவிலேயே இருக்கிறார்கள். குளிப்பது பிறகு ஆகட்டும். வந்த உடனே அதைக் கழற்றி, துவர்த்தால் (துண்டால்) மடிப்புகளை ஒற்றியெடுத்து, உலர்ந்த உடுப்புக்கு மாறுங்கள். ஐந்து நிமிடம் பிடிக்காது. அந்த ஐந்து நிமிடத்தை வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்கு விட்டுத்தர வேண்டும்.

மழையில் ஓட ரெயின்கோட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். பைக்குக்கு வாங்கிய பிளாஸ்டிக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். நம் மழை குளிர் மழை அல்ல. வெளியே மழை நனைக்காவிட்டாலும் உள்ளே வியர்வை குளிப்பாட்டிவிடும், உடம்புச் சூடும் வெளியே போக வழியில்லாமல் ஏறும். எடை குறையும் என்று நம்பி வெயிலில் இப்படி ஓடுவது உயிருக்கே ஆபத்து. கண்ணில் தண்ணீர் விழாமல் முன்பக்கம் நீண்ட தொப்பி ஒன்று, வண்டிக்காரர் கண்ணில் படும்படி பளிச்சென்ற நிறத்தில் ஜெர்சி, இவை போதும், நனைந்துகொண்டே ஓடுங்கள். ஐப்பசியில் இடி கேட்டால் மட்டும் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆடிக்காற்றில் ஓடுகிறவர்களுக்குக் கதை வேறு. அங்கே காற்று வியர்வையை உடனுக்குடன் கொண்டுபோவதால் வியர்க்கவே இல்லை என்று தோன்றும். முகத்தைத் தடவிப் பாருங்கள், உப்பு நரநரவென்று இருக்கும். தாகம் தெரியாவிட்டாலும் தண்ணீர் வேண்டும். தொளதொள சட்டை படபடத்து உரசும், உடம்போடு ஒட்டியது நல்லது. தூசிக்கு நிறமில்லாத கண்ணாடி.

சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரையில் ஓடினால் வெயில்தான் முக்கியம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கிறது. எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீனைக் கிளம்ப இருபது நிமிடம் முன்பே பூசுங்கள், காதுமடலையும் பின்கழுத்தையும் விடாமல். ஏழு மணிக்குள் ஓடி முடித்தால் இன்னும் நல்லது.

ஷூ விஷயத்தில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று விற்பதை வாங்காதீர்கள். கணுக்கால் வழியாக உள்ளே போன தண்ணீர் அதிலிருந்து வெளியேறாது. வலைத்துணி மேற்பகுதியும், பாசி பிடித்த சிமென்ட் சாலையில் வழுக்காத அடிப்பாகமும் உள்ளதாகப் பாருங்கள். நனைந்ததும் உள் அட்டையை உருவி வெளியே வைத்து, ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாள் ஊறிவிடும்; மாற்றித் திணித்து, மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். அடுப்புச் சூட்டில் வைத்தால் பசை விட்டுப்போகும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடலாம். பருத்திச் சாக்ஸ் ஊறிக் கொப்புளம் தரும், நைலான் கலந்ததே மேல்.

அந்தக் கொப்புளம் உடைந்த காலோடு தேங்கிய மழைத்தண்ணீரில் மட்டும் இறங்காதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே போகும். அப்படி ஓடிய பிறகு இரண்டு, மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும், கெண்டைக்காலில் கடும் வலியும், கண் சிவப்பும் வந்தால், ஓடியதால் வந்த வலி என்று நினைத்து வீட்டில் இருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய், எந்தத் தண்ணீரில் கால் வைத்தீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.