எக்ஸ்போஷர்: வெளிப்பாடா, ஒளிக்காட்டலா?

“பையனுக்கு எக்ஸ்போஷர் பத்தாது” என்று வீட்டில் பேசிக்கொள்வதற்கும், “ஓரியன் நெபுலா, 4 மணி நேர எக்ஸ்போஷர்” என்று வானப்படத்தின் கீழே எழுதுவதற்கும் வேர் ஒன்றுதான். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘போனெரே’ என்றால் வைத்தல். எக்ஸ்போனெரே, வெளியில் எடுத்து வைத்தல். ரோமானியர்கள் வேண்டாத குழந்தையை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவதையும் இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஒளிப்படக்காரர்கள், இருட்டில் பொத்திவைத்த தகட்டை வெளிச்சத்தின் முன் திறந்து வைப்பதற்கு அதைக் கையாண்டார்கள்.

தமிழில் இதற்குச் சிலர் ‘வெளிப்பாடு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு இது ஒவ்வாது. உள்ளே இருப்பது வெளியே வருவதுதான் வெளிப்பாடு. கோபம் வெளிப்படும், கவிஞனின் மனம் வெளிப்படும். கேமராவில் நடப்பதோ நேர்மாறு: வெளியே இருக்கும் ஒளி உள்ளே போகிறது. முன்னொட்டைப் பார்த்து மொழிபெயர்த்ததில் திசையே மாறிவிட்டது.

இந்தச் செயலுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. மழை விட்டதும் பாயை வெயிலில் காட்டுகிறோம். வண்டு விழுந்த பருப்பை வெயிலில் காட்டுகிறோம். எடுத்து வைப்பது, கொஞ்ச நேரம் விடுவது, பொருளில் மாற்றம் நிகழ்வது எல்லாம் அந்த ஒரு ‘காட்டு’க்குள் அடக்கம். எனவே ஒளியில் காட்டுதல், ஒளிக்காட்டல். நடுவில் ‘க்’ அவசியம். குடிப்பிறந்தார் போல இது ஏழாம் வேற்றுமைத் தொகை. ஒற்றை விட்டு ‘ஒளிகாட்டல்’ என்றால் வழிகாட்டல் மாதிரி, ஒளியைக் காட்டுகிற கலங்கரை விளக்கத்தின் வேலையாகிவிடும்.

இனி வானத்துக்கு வருவோம். வெயிலில் பருப்பைப் போல, ஒளிக்காட்டலின் நேரம்தான் வானப்படக்காரருக்கு எல்லாமே. 1850-இல் ஹார்வர்டில் வேகா விண்மீனைத் தகட்டில் பிடிக்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆனது. 1880 செப்டம்பர் 30 அன்று நியூயார்க் அருகே ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை முதன்முதலாகப் படமெடுத்தபோது தகட்டை 51 நிமிடம் காட்டினார். டிரேப்பர் தொழில்முறை வானியலாளர் அல்லர், மருத்துவர். பொழுதுபோக்காளர்தான் இந்தத் துறையைத் திறந்துவைத்தார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அன்றிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக, கண்ணாடித் தகடானாலும் பிலிமானாலும், எக்ஸ்போஷர் என்றால் முறியாத ஒரே நீட்சி. ஷட்டரைத் திறந்துவிட்டு, துணைத் தொலைநோக்கியின் குறுக்குக்கோட்டில் ஒரு விண்மீனை நிறுத்தி, அது நகர நகரத் திருத்திக்கொண்டே ஒரு மணி நேரம் குந்தியிருக்க வேண்டும். ஐம்பதாவது நிமிடத்தில் ஒரு கார் விளக்கு அடித்தால் இரவே போச்சு.

இதற்கும் மேல் பிலிமுக்கு ஒரு குணம் உண்டு. ஒளி பாதியானால் நேரத்தை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடும் என்பது ஒளிப்படத்தின் அடிப்படைக் கணக்கு. பகலில் அது பலிக்கும். மங்கிய ஒளியில் பலிக்காது. பிலிமில் இருக்கும் வெள்ளி உப்பின் ஒரு படிகத்தில் ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், ஒன்று பட்டு ஒரு வெள்ளி அணு உருவானால், அது நிலையற்றது. துணைக்கு அடுத்தது வருவதற்குள் கரைந்துவிடலாம். ஜெர்மன் வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சில்ட் 1900-ஐ ஒட்டி இதற்கு ஒரு சூத்திரம் தந்தார்: நேரத்துக்கு ஒன்றுக்குக் குறைவான ஓர் அடுக்கைப் போட வேண்டும். அந்த அடுக்கு 0.8 என்றால், 10 மடங்கு மங்கலான பொருளுக்கு 10 மடங்கு நேரம் போதாது, ஏறக்குறைய 18 மடங்கு வேண்டும். ஆங்கிலத்தில் ரெசிப்ராசிட்டி ஃபெயிலியர். தமிழில் ‘ஈடாகாமை’ என்றால் போதும் என்பேன். ஒளிக்கு நேரம் ஈடாகவில்லை, அவ்வளவுதான். இதைச் சமாளிக்கத்தான் 1980-களில் பொழுதுபோக்காளர்கள் கோடாக் டெக்னிக்கல் பான் 2415 பிலிமை ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் மணிக்கணக்கில் சூடாக்கி எடுத்தார்கள். ஊறுகாய் போடுவது போல பிலிமுக்கும் ஒரு பக்குவம்.

1969-இல் பெல் ஆய்வகத்தில் பிறந்த சிசிடி என்ற ஒளியுணர் சில்லில் ஈடாகாமை இல்லை. விழுந்த ஃபோட்டான் எலெக்ட்ரானாகி, சில்லின் ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள குழியில் கிடக்கும்; படித்து முடிக்கும்வரை எண்ணிக்கை கூடும். நூறு ஃபோட்டானில் பிலிம் சிலவற்றைத்தான் பதிவு செய்யும். நல்ல சிசிடி பாதிக்கு மேல் பிடித்துவிடும். எண்ணிக்கை என்பதால் கூட்டவும் முடியும். இங்கேதான் சொல் உடைந்தது. இன்று யாரும் 4 மணி நேரம் ஒரே மூச்சில் திறந்து வைப்பதில்லை. 3 நிமிடம் வீதம் 80 படம் எடுத்துக் கணினியில் அடுக்குகிறார்கள். விமானம் குறுக்கே போன படத்தைத் தூக்கிப் போட்டால் இழப்பு 3 நிமிடம்தான். விண்மீனின் ஒளி 80 மடங்கு சேரும்போது, படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் இரைச்சல் 9 மடங்குதான் கூடும். அதற்காக ஒரு நொடி வீதம் பல்லாயிரம் படம் எடுத்தாலும் ஆகாது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் சென்சார் தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கும்.

ஆக, “4 மணி நேர எக்ஸ்போஷர்” என்றால் ஒற்றைப் படமா, கூட்டா? ஆங்கிலத்திலேயே குழப்பம் வந்து, ஒற்றைக்கு ‘சப்’ என்றும் மொத்தத்துக்கு ‘இன்டெக்ரேஷன்’ என்றும் பிரித்துக்கொண்டார்கள். நாமும் பிரிக்கலாம். ஒருமுறை திறந்து மூடுவது ஒளிக்காட்டல். எல்லாம் கூடிய மொத்தம் ஒளிச்சேர்ப்பு. படத்தின் கீழே இப்படி எழுதலாம்: “ஓரியன் நெபுலா. ஒளிக்காட்டல் 3 நிமிடம், 80 முறை. ஒளிச்சேர்ப்பு 4 மணி நேரம்.” டிரேப்பரின் தகட்டுக்கு எழுதினால் இரண்டாவது வரிக்கு வேலையில்லை: “ஒளிக்காட்டல் 51 நிமிடம், ஒரு முறை.”