சூப்பர் கணினிக் கேபிளில் சாதாரணக் கோப்பு

இரண்டு கணினிகள், நடுவில் ஒரு கிகாபிட் ஈதர்நெட். 50 ஜிபி வீடியோவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினால் நொடிக்குச் சுமார் 115 எம்பி போகும். முடிய ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும், ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். நாள் முழுக்க இதே வேலை என்றால் அத்தனை டீ உடம்புக்கு ஆகாது. அப்படிப்பட்டவர்கள் கண்ணில் ஒருநாள் இன்ஃபினிபேண்ட் படும். சூப்பர் கணினிகளில் கணினிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் அதிவேக நெட்வொர்க் அது. பல கணினிகளைச் சேர்த்துக் கட்டிய பழைய கிளஸ்டர்களிலிருந்து கழற்றிய கார்டுகள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. 40 கிகாபிட் என்று போட்டிருக்கும். 40 மடங்கு என்று மனக்கணக்குப் போட்டு வாங்கி மாட்டினால், அதில் கால்வாசிகூட வராமல் போவதுண்டு.

அந்த 40-லேயே ஒரு சின்னக் கழிவு இருக்கிறது. அந்தத் தலைமுறைக் கார்டுகள் ஒவ்வொரு 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்பும். கையில் மிஞ்சுவது 32 கிகாபிட், அதாவது நொடிக்கு 4 ஜிபி. அதுவே பெரிய வேகம்தான். மீதி எங்கே போகிறது?

இன்ஃபினிபேண்ட் கோப்பு பகிர்வதற்காகப் பிறந்தது அல்ல. இன்டெல், மைக்ரோசாஃப்ட், சன் ஒரு பக்கம். காம்பேக், ஐபிஎம், எச்பி இன்னொரு பக்கம். இரண்டு அணிகளும் தனித்தனியே உருவாக்கிக்கொண்டிருந்த திட்டங்கள் 1999-இல் ஒன்றாகின. சர்வருக்குள் கார்டுகளை இணைக்கும் பிசிஐ பஸ்ஸின் இடத்தையே பிடிப்பது ஆசை. அது நடக்கவில்லை. 2002-இல் இன்டெலே இன்ஃபினிபேண்ட் சில்லு தயாரிப்பதிலிருந்து விலகியது. மறு ஆண்டே வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 1,100 ஆப்பிள் பவர் மேக் ஜி5 கணினிகளை இன்ஃபினிபேண்டால் பிணைத்து, உலகின் மூன்றாவது வேகமான சூப்பர் கணினியாக்கிக் காட்டியது. புகுந்த வீடு அங்கே அமைந்தது.

சூப்பர் கணினிக்காரர்களுக்கு இதில் பிடித்தது கேபிளின் வேகம் மட்டும் அல்ல. சாதாரண நெட்வொர்க்கை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். பார்சல் வந்தால் வாட்ச்மேன் வாங்குவார், நோட்டில் எழுதுவார், தன் மேசையில் வைப்பார், பிறகு வீட்டுக்கு எடுத்துப் போய்க் கொடுப்பார். இந்த வாட்ச்மேன்தான் கணினியின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது வந்து சேரும் தரவுத் துண்டையும், பிரித்துச் சரிபார்த்து, ரேமில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுத்துத் தருவது அவர் வேலை. ஈதர்நெட்டின் வழக்கமான 1,500 பைட் பாக்கெட்டில் 10 கிகாபிட் வந்தால், நொடிக்கு 8 லட்சம் பாக்கெட்டுகள். ஒன்றுக்குக் கிடைப்பது 1.2 மைக்ரோ நொடி. வாட்ச்மேன் பாவம்.

இன்ஃபினிபேண்டின் வழி வேறு. 'இந்த அலமாரியின் இந்தத் தட்டு உனக்கு, இந்தா சாவி' என்று ரேமின் ஒரு பகுதியை முன்கூட்டியே கார்டிடம் பதிவு செய்துவிடுகிறோம். எதிர்முனை அந்தச் சாவியைக் காட்டினால் கார்டே தரவை நேராகத் தட்டில் வைத்துவிடும். பிராசசர் கை வைப்பதில்லை. இதுதான் ஆர்டிஎம்ஏ, தொலைவிலிருந்தே நேரடியாக நினைவகத்தைத் தொடும் முறை.

சரி, கோப்புப் பகிர்வுக்கு வருவோம். எல்லோரும் முதலில் செய்வது ஐபி ஓவர் இன்ஃபினிபேண்ட், அதாவது வழக்கமான ஐபி நெட்வொர்க்கையே இன்ஃபினிபேண்ட் மேல் ஓட்டுவது. கார்டுக்கு ஓர் ஐபி முகவரி கொடுத்துவிட்டால் என்எஃப்எஸ், சாம்பா போன்ற கோப்புப் பகிர்வு முறைகள் எல்லாம் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடும். சிக்கலும் அதுதான். கேபிள் மட்டுமே புதிது, வாட்ச்மேன் அப்படியே நிற்கிறார். இதற்கு இரண்டு முறைகள் உண்டு. டேட்டாகிராம் முறையில் ஒரு பாக்கெட்டுக்கு வழக்கமாக 2,044 பைட்தான். கனெக்டட் முறைக்கு மாற்றினால் 65,520 பைட் வரை போகலாம். பார்சல் பெரிதானால் நோட்டில் எழுதுவது குறையும், வேகம் கூடும். ஆனாலும் நகலெடுக்கும் வேலை ஒழியாது.

இங்கே புதியவர்களைச் சுற்றவிடும் இடம் ஒன்று உண்டு. இரண்டு முனையிலும் விளக்கு எரியும், ஆனால் பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகாது. போர்ட்டின் நிலையைப் பார்த்தால் 'இனிஷியலைசிங்' என்றே நிற்கும். ஈதர்நெட் ஸ்விட்ச் யார் எங்கே இருக்கிறார்கள் என்று தானே கற்றுக்கொள்ளும். இன்ஃபினிபேண்டில் முகவரி கொடுத்துப் பாதை வகுக்கச் சப்நெட் மேனேஜர் என்று ஒருவர் வேண்டும். இரண்டே கணினிகளை நேராக இணைத்தாலும் வேண்டும். லினக்ஸில் ஒரு பக்கம் அந்த வேலையைச் செய்யும் ஓபன்எஸ்எம் மென்பொருளை ஓடவிட்டால் போர்ட் 'ஆக்டிவ்' ஆகிவிடும். கேபிளைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

வாட்ச்மேனைத் தாண்ட வேண்டுமென்றால் கோப்புப் பகிர்வு நெறிமுறைக்கே ஆர்டிஎம்ஏ தெரிந்திருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலில் என்எஃப்எஸ்ஸுக்கு அந்த வசதி 2008-இல் வந்தது. பகிர்ந்த கோப்புறையை மவுண்ட் செய்து இணைக்கும்போது, வழக்கமான டிசிபிக்குப் பதில் ஆர்டிஎம்ஏ, போர்ட் 20049 என்று சொல்ல வேண்டும். விண்டோஸ் சர்வர் 2012-இல் எஸ்எம்பி டைரக்ட் என்ற பெயரில் இதே யோசனை வந்தது. என்எஃப்எஸ் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, சாவியை எப்போதும் கிளையன்ட்தான் கொடுக்கும் என்பது. கோப்பைப் படிக்கக் கேட்டால், சர்வர் வந்து கிளையன்ட்டின் தட்டில் வைத்துவிட்டுப் போகும். எழுதக் கொடுத்தால், சர்வரே வந்து தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நூறு பேர் வந்துபோகும் சர்வரின் ரேமுக்கு வெளியாள் யாரிடமும் சாவி இல்லை.

அப்புறமும் டிஸ்க் இருக்கிறதே! சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒன்று நொடிக்கு 200 எம்பி கொடுத்தால் நல்ல டிஸ்க். அதற்கு முன்னால் 4 ஜிபி பாதையைப் போட்டால், அந்த 50 ஜிபி வீடியோ ஏழு நிமிடத்துக்குப் பதில் நான்கு நிமிடத்தில் வரும், அவ்வளவுதான். சின்னச் சின்னக் கோப்புகளில் இன்னும் மோசம். இன்ஃபினிபேண்டில் ஒரு செய்தி சில மைக்ரோ நொடிகளில் போய்ச் சேர்ந்துவிடும். 7,200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுச் சுற்றவே 8 மில்லி நொடி ஆகும். கேபிள் ஆயிரம் தடவை போய் வந்திருக்கும், டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.

இரண்டு முனையிலும் என்விஎம்இ (சுழலாத, வேகமான டிஸ்க்), இரண்டிலும் லினக்ஸ், ஒரு வார இறுதியைச் செலவழிக்க மனசு, இந்த மூன்றும் இருந்தால் நானும் பழைய கார்டுகளைத்தான் வாங்குவேன். இல்லையென்றால் 10 கிகாபிட் ஈதர்நெட். அதற்குச் சப்நெட் மேனேஜர் வேண்டாம், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஸ்விட்சோடும் ரவுட்டரோடும் பேசும். ஐபி ஓவர் இன்ஃபினிபேண்டின் முகவரி 20 பைட், ஈதர்நெட்டின் முகவரி 6 பைட். அதனால் இரண்டு நெட்வொர்க்குகளை ஒன்றாக்கும் வழக்கமான பிரிட்ஜ் போட்டு இரண்டையும் ஒட்ட முடியாது.