காரில் பெடலை மாற்றலாமா? சட்டம் என்ன சொல்கிறது

காரின் பெடலில் கை வைக்க இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று அழகு. இன்னொன்று, வலது காலால் ஆக்ஸிலேட்டரை அழுத்த முடியாத நிலை. சட்டம் இவற்றை வேறுவேறாகப் பார்க்கிறது. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு இரண்டாவதற்கு வருகிறேன். இரண்டாவது ஓர் உரிமை. அப்படி ஒன்று இருப்பதே நம் கடலூர், புதுச்சேரி பக்கத்தில் நிறையப் பேருக்குத் தெரியவில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுதான் அடிப்படை. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களுக்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. வண்ணம் மாற்றுவது, சிறு பொருள் பொருத்துவது போன்றவற்றைத் தாண்டி வண்டியின் அடிப்படை அமைப்பில் கை வைக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சரி, கடையில் தொங்கும் அலுமினிய பெடல் கவர்? ஆர்.சி.யில் பெடலைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. அதனால் கவர் மாட்டியதற்காக யாரும் ஆர்.சி.யைத் திருத்தச் சொல்லப் போவதில்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன். இந்தக் கவர் பழைய ரப்பர் மேலேயே உட்கார்ந்து, பின்னால் இரண்டு திருகாணியில் நிற்கிறது. நம் கடற்கரைக் காற்றில் அந்தத் திருகாணி சீக்கிரம் துருப்பிடிக்கும். தளர்ந்த கவர் ஒரு பக்கம் சாய்ந்து, பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் குறைக்கும். ஐப்பசி மழையில் நனைந்த செருப்போடு, அல்லது பீச் மணல் ஒட்டிய காலோடு பிரேக்கை மிதித்துப் பாருங்கள், வழுக்கும். கவர் மாட்டியே ஆகவேண்டும் என்பவர்கள், அவசரத்துக்கு மிதிக்கும் பிரேக்கை மட்டுமாவது கம்பெனி ரப்பரோடு விட்டுவிடுங்கள்.

இப்போது உரிமைக்கு வருவோம். இளம்பிள்ளை வாதத்தால் வலது கால் சூம்பியவர்கள், சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள் எல்லோரும் கார் ஓட்டலாம். அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைப் பார்த்துப் பழகிய நமக்கு, காரையும் அப்படி மாற்றலாம் என்று தோன்றுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு 52ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இதைத் தெளிவாகவே அனுமதிக்கிறது. சொந்த வண்டியை மாற்றுத்திறனாளிக்கு ஏற்றபடி மாற்றிவிட்டு, பதிவு அதிகாரியிடம் பிறகு ஒப்புதல் வாங்கலாம். இப்படி மாற்றிய வண்டிக்கு ‘அடாப்டட் வெஹிக்கிள்’ என்று பெயர். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் வேலை நகரும்.

இடது கால் நன்றாக இருப்பவர்களுக்குப் பிரேக்கின் இடப்பக்கத்தில் இன்னொரு ஆக்ஸிலேட்டர் பொருத்துவார்கள். அப்போது பழைய ஆக்ஸிலேட்டர் தெரியாமல்கூடக் கால் பட முடியாதபடி மடங்கியோ மூடியோ இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து, குனிந்து, நீங்களே சோதியுங்கள். இரண்டு காலும் முடியாதவர்களுக்கு ஸ்டியரிங் பக்கத்தில் கைப்பிடி வரும். சாதாரணமாக, தள்ளினால் பிரேக், இழுத்தால் ஆக்ஸிலேட்டர். கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. (கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் மேனுவல் கியர்பாக்ஸ்) அல்லது ஆட்டோமேட்டிக் கார் இவர்களுக்குத் தோதானது. சின்ன கார்களிலேயே ஏ.எம்.டி. இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. இந்தப் பெடல், கைப்பிடி அடங்கிய தொகுப்பான கிட்டை வாங்கும்போது, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு சோதித்துக் கொடுத்த சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நம்மூர் பட்டறையில் கம்பி வளைத்து வெல்டிங் வைத்துக் கொடுப்பதை நம்பி உயிரை வைக்காதீர்கள். ஆர்.டி.ஓ. ஆய்வாளரும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்பார்.

இந்த வகைக் கிட்டுக்கு 2021 அக்டோபரிலிருந்து ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பில்லில் அதிகமாகப் போட்டிருந்தால் கேளுங்கள். காருக்கான சலுகை பற்றியும் பலர் விசாரிக்கிறார்கள். முன்பு சின்ன காருக்கு 28 சதவீதம் வரி. 40 சதவீதமோ அதற்கு மேலோ உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள், கனரகத் தொழில் அமைச்சகத்தின் சான்றிதழைக் காட்டி 18 சதவீதத்தில் வாங்கினார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு எல்லோருக்குமே 18 சதவீதம் ஆகிவிட்டது. வரிக்காக அந்தச் சான்றிதழை எதிர்பார்த்து சின்ன காரைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

புது கார் என்றால் பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. பதிவு விண்ணப்பமான படிவம் 20இல் உரிமையாளர் வகையாக மாற்றுத்திறனாளி என்று குறிக்க 2020 அக்டோபரில் இடம் கொடுத்தார்கள். டீலர்கள் வழக்கமான வகையை டிக் செய்து அனுப்பிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் கார் என்றால், மத்திய அரசின் போக்குவரத்துச் சேவைத் தளமான பரிவாஹனில் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் போட்டு, யு.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை), கிட்டின் பில், சான்றிதழ் ஆகியவற்றோடு வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். லைசென்ஸிலும் ‘அடாப்டட் வெஹிக்கிள்’ தனி வகை. சாதாரண கார் லைசென்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர், பிறகு காலை இழந்தால் இந்த வகையைச் சேர்த்தே ஓட்ட வேண்டும்.

கடலூரை அடுத்த எல்லை ஊரான முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் ஒரு குழப்பம் வரும். மேலே சொன்னதெல்லாம் மத்தியச் சட்டம், கடலூரின் டி.என். 31 வண்டிக்கும் புதுச்சேரியின் பி.ஒய். 01 வண்டிக்கும் ஒன்றுதான். வாகன வரி மட்டும் அந்தந்த அரசின் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி மாற்றிய வண்டிக்கு வரிவிலக்கு உண்டு. கடலூர்க்காரர் அதை கடலூர் ஆர்.டி.ஓ.விலும், மற்றப் பயன்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம். புதுச்சேரியில் குடியிருப்பவர், நூறடிச் சாலையில் உள்ள போக்குவரத்துத் துறையில் அங்குள்ள விதிப்படி கேட்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் பதிவு செய்யும் பழக்கம் இங்கே உண்டு. இந்த வண்டிக்கு அதைச் செய்யாதீர்கள். ஊனச் சான்றில் ஒரு முகவரியும் ஆர்.சி.யில் வேறொரு முகவரியும் இருந்தால் சலுகை கேட்கும் இடத்திலெல்லாம் மாட்டிக்கொள்வீர்கள்.

மாற்றிய வண்டியை அந்த மாற்றுத்திறனாளி ஓட்டலாம், அல்லது அவருக்காகப் பிறர் ஓட்டலாம் என்பதே சட்டத்தின் வரையறை. தம்பி தினமும் ஆபீஸுக்கு எடுத்துப்போக அந்த வண்டியைக் கொடுப்பது அதற்குள் வராது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மறக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள். பாலிசியில் ஐ.எம்.டி. 12 என்று ஒரு பிரிவு உண்டு. மாற்றுத்திறனாளிக்காக மாற்றிய வண்டிக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி கொடுப்பது அது. ஆர்.சி.யில் பதிவு இருந்தால்தான் கிடைக்கும், ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார். கிட் பொருத்தினால் கம்பெனி வாரன்டி போய்விடும் என்று சர்வீஸ் சென்டரில் பயமுறுத்தினால், விதிப்படி செய்த மாற்றத்தால் வாரன்டி செல்லாமல் போகாது என்று அதே 52ஆம் பிரிவில் எழுதியிருப்பதைக் காட்டுங்கள்.

வண்டியை விற்கும்போது கிட்டைக் கழற்றினால், அதையும் ஆர்.டி.ஓ.வில் தெரிவித்து ஆர்.சி.யைப் பழையபடி மாற்றிய பிறகே கைமாற்றுங்கள். இல்லையென்றால் வாங்குபவரின் ஆர்.சி. ஒன்று சொல்லும், வண்டி வேறொன்று சொல்லும்.