ட்ரோன் பறக்க விடுபவர் ‘பைலட்’தானா?

வெள்ளவத்தையில் கலியாணம் என்றால் படப்பிடிப்புக் குழுவில் இப்போது ஒருவர் தனியாக நிற்பார். கழுத்துப் பட்டியில் ரிமோட் தொங்கும். பார்வை பாதி வானத்தில், பாதி திரையில். அவருடைய கார்டில் ‘ட்ரோன் பைலட்’ என்று அடித்திருக்கும். பந்தியில் இருக்கும் பெரியவர்கள் சிரிப்பார்கள்: “பிளேனில ஏறாதவனும் பைலட்டோ?”

ஓம், பைலட்தான். அதற்குப் பின்னால் சட்டக் காரணம் இருக்கிறது.

சர்வதேச விமானப் பறப்புக்கு அடிப்படையான, 1944ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையில் 8ஆம் உறுப்புரை, விமானி இல்லாமல் பறக்கும் விமானத்தைப் பற்றியது. ஒரு நாட்டின் விசேட அனுமதி இல்லாமல் அதன் மேலாக அப்படியொன்றைப் பறக்கவிடக் கூடாது என்கிறது. அன்றைய எண்ணத்தில் விமானி ‘இல்லை’. பிறகு, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அந்த எண்ணத்தைத் திருத்தியது: விமானி இருக்கிறார், தரையில் நிற்கிறார், அவ்வளவுதான். 2012இல் அதன் வான் விதிகளுக்குள் ‘ரிமோட் பைலட்’ என்ற பெயர் வந்தது. அவருக்கான உரிமத் தராதரங்கள் 2022 நவம்பரில் நடைமுறைக்கு வந்தன. அந்த உரிமம் நாடு விட்டு நாடு பறக்கும் பெரிய ரகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. கலியாண ட்ரோனுக்கு அல்ல. ஆனால் பெயர் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது.

அமெரிக்கர்கள் இதில் தடுமாறியது சுவாரசியமானது. சிறிய ட்ரோன்களுக்கு 2015இல் வெளியிட்ட வரைவு விதியில் ‘ஒப்பரேட்டர்’ என்று எழுதினார்கள். 2016இல் வந்த இறுதி விதியில் அதை எடுத்துவிட்டு ‘ரிமோட் பைலட்’ என்று போட்டார்கள். ஏனென்றால் விமானத்துறையில் ‘ஒப்பரேட்டர்’ என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேறு பொருள் இருந்தது.

பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்கு ஓடும் 100ஆம் இலக்க தனியார் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பாதை அனுமதி முதலாளியின் பெயரில் இருக்கும். அவர் ஸ்டியரிங்கைத் தொட்டே இருக்கமாட்டார். சாரதி அனுமதிப்பத்திரம் ஓட்டுபவரின் சட்டைப் பையில் இருக்கும். விமானச் சட்டத்தில் அந்த முதலாளிதான் ‘ஒப்பரேட்டர்’, சாரதிதான் ‘பைலட்’. ட்ரோனிலும் அப்படியே: ஸ்டூடியோ முதலாளி ஒருவர், ரிமோட் பிடிக்கும் தம்பி இன்னொருவர். ஐரோப்பாவின் 2019 விதிகளும் இந்த இருவரையும் தனித்தனியாகவே பார்க்கின்றன. தமிழில் இரண்டுக்கும் சேர்த்து ‘இயக்குபவர்’ என்று எழுதிவிடுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

‘பைலட்’ என்ற பெயரோடு வருவது அதிகாரமும் பழியும். விமானம் பறக்கும்போது கடைசி முடிவு அதன் பொறுப்பு விமானியுடையது என்பது பழைய விதி. மாப்பிள்ளையின் மாமா வந்து “தம்பி, சனத்துக்கு மேலால கொஞ்சம் பதிச்சு விடும்” என்பார். காசு கொடுப்பவர் அவர்தான். ஆனாலும் “ஏலாது அங்கிள்” என்று சொல்லவேண்டியவர் ரிமோட் வைத்திருப்பவர். சொல்லாமல் விட்டு, இறக்கை யாரையாவது வெட்டினால், மாமா சொன்னார் என்ற கதை எடுபடாது.

சரி, நம் இலங்கையில்? 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமான சேவைகள் சட்டம் இருக்கிறது. ட்ரோன்களைப் பார்ப்பது சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. எடையை வைத்து நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: 25 கிலோவுக்கு மேல், 1 முதல் 25 கிலோ வரை, 200 கிராம் முதல் 1 கிலோ வரை, அதற்கும் கீழே. கடைசி எல்லையைக் கவனியுங்கள். 249 கிராம் என்று விளம்பரம் செய்து விற்கும் சின்ன ட்ரோன், அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறந்தால் 250 கிராம் எல்லைக்குள் நின்று பதிவிலிருந்து தப்பிவிடும். இங்கே எல்லை 200 என்பதால் அது விளையாட்டுச் சாமான் போன்ற அந்தக் கடைசி வகைக்குள் வராது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த ட்ரோனோடு பலர் மாட்டுப்படுவது இதில்தான்.

பதிவோடு வேலை முடிவதும் இல்லை. பாதுகாப்பு அமைச்சின் இசைவு வேண்டும். ட்ரோன் வானலையில் பேசும் கருவி என்பதால் இறக்குமதிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவையும் தாண்டவேண்டும். கொழும்பில் இடமும் சிக்கல்: காலிமுகத்திடலின் ஓரத்திலேயே ஜனாதிபதி செயலகம், தெஹிவளையைத் தாண்டினால் இரத்தமலானை விமான நிலையம். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு, ஏப்ரல் 25ஆம் திகதி, ட்ரோன் பறப்பு முழுவதையுமே இடைநிறுத்தினார்கள். போர்க்காலத்தில் வன்னியில் இருந்தவர்களுக்கு ‘வண்டு’ (ஆளில்லா வேவு விமானம்) என்றால் என்ன என்று தெரியும். தலைக்கு மேல் அந்த இரைச்சல் கேட்டால் இன்றும் சிலர் நிமிர்ந்து பார்ப்பது படமெடுக்க அல்ல.

ஆகவே கலியாணத்துக்கு ட்ரோன் பேசும்போது, அட்வான்ஸ் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். அனுமதி யார் பெயரில்? அன்றைக்குப் பறக்க விடப்போவது யார்? இரண்டுக்கும் ஒரே பெயர் வரவேண்டும் என்றில்லை. ஆனால் இரண்டாவது கேள்விக்கு “யாராவது ஒரு பெடியன் வருவான்” என்று பதில் வந்தால், வேறு ஸ்டூடியோ பார்ப்பது நல்லது.