கண்மாய் வேலையில் யார் முதலில், யார் பிறகு

நூறு ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் ஓர் அடி தண்ணீர் கூடுதலாக நின்றால் அது ஏறத்தாழ 12 கோடி லிட்டர். மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அந்த ஓர் அடியைச் சேர்க்க எத்தனை பேர் ஒத்துவர வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாயால் பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால் கண்மாய் நீர்வளத்துறையிடம். குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்திடம். எல்லைக்கல்லும் பதிவேடும் வருவாய்த்துறையிடம். கண்மாயின் உள்பரப்பான உள்வாயில் நிற்கும் மரம் ஒரு கணக்கு, மீன் ஏலம் இன்னொரு கணக்கு. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்குக் கீழே வேளாண்மைத் துறை, கிணற்று மோட்டாருக்கு மின்வாரியம். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகச் செய்தும் கண்மாய் நிறையாமல் போவதுண்டு. பெரும்பாலும் வேலையின் வரிசை தப்பியிருக்கும்.

பருவநிலை மாற்றம் இந்த வரிசையை அவசரமாக்கிவிட்டது. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். தாங்கியது ஒரே மூச்சில் கொட்டும். பத்து நாள் தூறலாக வரவேண்டிய மழை ஓர் இரவில் வந்தால் அதைப் பிடித்து வைக்கக் கண்மாயைவிட நல்ல பாத்திரம் இந்த மண்ணில் இல்லை. 2024 அக்டோபர் 25-ம் தேதி மதுரையில் பெய்த மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர் கண்மாய் நிரம்பி வெளியேறும் மறுகால் தண்ணீரை வைகைக்குக் கொண்டுபோகும் பந்தல்குடி கால்வாய் நிரம்பி வழிந்ததும் அதற்கு ஒரு காரணம். ஆகவே மேலே எதைத் தொடுவதற்கும் முன் கீழே தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கண்மாய்கள் சங்கிலியாக இருப்பவை. ஒன்றின் மறுகால்தான் அடுத்ததன் வரத்து.

முதல் வேலை அளவை. சர்வேயர், நீர்வளத்துறைப் பொறியாளர், ஆயக்கட்டு விவசாயிகள் மூவரும் ஒரே நாளில் கரையில் நிற்க வேண்டும். மிகுநீர் வழியும் கலுங்கின் மட்டம், ஒவ்வொரு மடையின் அடிமட்டம், கரையின் மிகத் தாழ்ந்த இடம் ஆகிய மூன்றையும் ஒரே அளவுக் குறியிலிருந்து எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்த மட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. பிறகு எல்லாப் பிழையும் அதிலிருந்தே கிளம்பும்.

அடுத்தது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால். எளிய கணக்கு: ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு லட்சம் லிட்டர். 400 ஹெக்டேர் நீர்ப்பிடிப்பில் 5 சென்டிமீட்டர் மழை பெய்து, அதில் 30 சதவீதம் ஓடிவந்தால் 6 கோடி லிட்டர். மேற்சொன்ன கண்மாயில் அரை அடி. இடையில் ஒரு சாலைப் பாலத்தின் குழாய் அடைத்திருந்தாலோ, மனைப்பிரிவுக்காகக் கால்வாயை மேடாக்கியிருந்தாலோ அந்த அரை அடி வராது. இங்கே நெடுஞ்சாலைத் துறையும் உள்ளாட்சியும் உள்ளே வந்தாக வேண்டும். வரத்துக்காலைத் திறக்காமல் தூர் வாருவது காசைக் குழியில் போடுவதுதான்.

பிறகு சீமைக்கருவேலம். தரைமட்டத்தில் வெட்டினால் மண்ணுக்குள் இருக்கும் கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்க வேண்டும். ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்புவதால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு நாற்றாக இருக்கும்போதே பிடுங்க ஆள் வேண்டும். மரத்தை ஏலம் எடுத்தவருக்கு விறகோடு வேலை முடிந்துவிடும். அதனால் வேரை எடுத்த பிறகே கணக்கை முடிப்பது என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிடுவது நல்லது. கரைமேல் நிற்கும் மரத்துக்கு மட்டும் வேறு முறை. அங்கே வேரை எடுத்த குழியை நல்ல களிமண்ணால், அரை அடி அரை அடியாக நனைத்து இடித்து மூட வேண்டும். இல்லையென்றால் மக்கும் வேரின் தடத்தில் தண்ணீர் ஊறி, கரைக்குள் குழாய்போல் வழி செய்துகொள்ளும்.

தூர் வாரும்போதுதான் அதிகம் கெட்டுப்போகிறது. மண் எடுப்பவர் வண்டிக்கு வசதியான கரையோரத்தில் ஆழமாகத் தோண்டுவார். கரையின் அடி பலவீனமாகும்; கசிவு கூடும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் போகாது; மீனுக்கும் மாட்டுக்கும் ஆகும் என்று தெரிந்தே ஒரு மூலையில் வெட்டினால் சரி. இன்னொன்று, கண்மாயின் அடியில் களிப்படுகை இருக்கும். அதைக் குத்திச் சுக்கான் பாறை வரை போனால் ஓட்டைப் பானைதான். எவ்வளவு ஆழம் என்பதைச் சோதனைக் குழிகள் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

வண்டல் செலவாக வேண்டிய இடம் வயல். வட்டாட்சியர் அனுமதி பெற்று நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வரை இலவசமாக எடுக்கலாம். ஒரு டிராக்டர் நடைக்கு 3 கன மீட்டர் என்றால் 25 நடை, 30 நடை. பரப்பினால் ஒரு விரற்கடை கனம். செவல் காட்டுக்கு இது ஈரம் பிடிக்கும் மருந்து. நகரச் சாக்கடை சேரும் கண்மாய் மண்ணை மட்டும் மண் பரிசோதனை இல்லாமல் வயலில் கொட்டவே கூடாது.

பண விஷயத்தில் ஒரு வார்த்தை. மண்வெட்டி வேலைக்கு ஊரக வேலைத் திட்ட ஆட்கள், இயந்திர வேலைக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகம் என்ற பெயரில் ஆயக்கட்டு விவசாயிகளைச் சங்கமாக்கியிருப்பது இந்த இடத்தில்தான் உதவுகிறது. ஒப்பந்ததாரர் போன பிறகும் சங்கம் ஊரில் இருக்கும்.

மடைக்குக் கீழே நடப்பதுதான் பலர் கவனிக்காத பகுதி. நெல் வயலில் இடைவிடாமல் தண்ணீர் நின்றால் மண்ணில் காற்று அற்று, நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளியிடும். 30 சென்டிமீட்டர் நீளக் குழாயின் கீழ்ப்பாதியில் துளையிட்டு வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சினால் மீத்தேன் 30 முதல் 50 சதவீதம் குறையும். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் நிற்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தும் கடைமடைக்காரர் ஏன் கேட்பதில்லை? அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாதவர், வரும்போது வரப்பு முட்ட நிறுத்திக்கொள்ளத்தான் செய்வார். முறைவைத்து மடை திறக்கும் ஆளான நீர்ப்பாய்ச்சியும், எண்ணெய் போட்டுச் சுழலும் மடைத் திருகும் இல்லாமல் இந்தக் குழாய் வெறும் குழாய்தான்.

கிணற்று நீர்மட்டம் 10 மீட்டர் இறங்கினால், ஒவ்வொரு 10 லட்சம் லிட்டரை மேலே கொண்டுவர, 40 சதவீதத் திறனுள்ள மோட்டாருக்கு ஏறத்தாழ 68 யூனிட் கூடுதலாகச் செலவாகும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அது விவசாயியின் கண்ணில் படாது; மின்வாரியத்தின் கணக்கில் படும். கண்மாய் நிறைந்தால் அந்தக் கணக்கு இறங்கும். அளவை நாளன்று மின்வாரியத்தையும் கரைக்கு அழைக்கப் போதுமான காரணம் இது.

நீர்ப்பாய்ச்சிக்குக் கூலி எங்கிருந்து வரும் என்பது மிச்சக் கேள்வி. மீன் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்கலாம். அதே குத்தகைத் தாளில், மடையின் அடிமட்டம் வரை பாசனத்துக்குத் திறக்கத் தடையில்லை, மீனுக்கு அதற்குக் கீழே உள்ள பள்ளம் மட்டும் என்று ஒரு வரி இருந்தால், தையில் மீன்காரரும் நெல்காரரும் மடைமேல் நின்று மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.