மசோதா எப்போது சட்டமாகிறது, கோர்ட்டில் அதனால் என்ன மாறுகிறது

"மசோதா நிறைவேறியது" என்று செய்தி வந்ததும், மறுநாளே அது அமலுக்கு வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவையே பாருங்கள்.

2023 ஆகஸ்ட் 11-ல் மக்களவையில் அறிமுகமான மசோதா, உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. ஒவ்வொரு பிரிவாக அலசுவது பெரும்பாலும் இந்தக் குழு அறையில்தான். அவையில் நாம் டிவியில் பார்ப்பது வேறு. குழுவின் அறிக்கை வந்தபின் அரசு பழைய மசோதாவைத் திரும்பப் பெற்று, டிசம்பரில் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது. முதலில் 533 பிரிவுகள் இருந்தன, இதில் 531. டிசம்பர் 20-ல் மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றின. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். இவ்வளவு பெரிய சட்டத்துக்கு அந்த விவாதம் போதாது என்பது என் எண்ணம்.

டிசம்பர் 25-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். சரி, சட்டமாகிவிட்டது. ஆனால் அமலுக்கு வந்தது 2024 ஜூலை 1-ல்தான். அந்தத் தேதியை மத்திய அரசு அரசிதழில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காத பிரிவு புத்தகத்தில் இருக்கும், கோர்ட்டில் செல்லாது. கூடவே நிறைவேறிய, குற்றங்களையும் தண்டனைகளையும் வரையறுக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், விபத்தில் உயிரிழப்பு ஏற்படுத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் ஓட்டுநருக்குப் பத்து ஆண்டு வரை சிறை என்றது பிரிவு 106(2). லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வண்டியை நிறுத்திப் போராடினார்கள். ஜூலை 1-ல் அந்த ஒரு பிரிவை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத்தான் அமலாக்கினார்கள்.

இனி கோர்ட் பக்கம். நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின்படி, செஷன்ஸ் கோர்ட்டில் வாதம் முடிந்த 30 நாளில் தீர்ப்பு சொல்ல வேண்டும். காரணம் எழுதி வைத்தால் 45 நாள் வரை போகலாம். ஆனால் குடும்பங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது அதே சட்டத்தின் பிரிவு 479. இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால், பிணைப்பத்திரத்தில் விடவேண்டும். உதாரணமாக, மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள சாதாரணத் திருட்டு வழக்கென்றால் ஓராண்டு. மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகளுக்கு இது கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது.

"என் மகனை ஜூலைக்கு முன்பே பிடித்துவிட்டார்களே" என்று கேட்பவர்களுக்கு: பழைய வழக்குகளுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டது.

காலம் முடிந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. அவர் எழுதுவார் என்று காத்திருக்காமல், கைதான தேதியையும் வழக்குப் பிரிவையும் குறித்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வழக்கறிஞர் இலவசம். போனில் கேட்க 15100.